டிக்கெட் எடுத்தும் பெரிய படகுகளில் ஏற விடுவதில்லையே, ஏன்?

அணியம் (கேள்வி)

படகுக் கண்காட்சிகளில் 10, 12 மீட்டர் படகுகள் என்றால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறிப் பார்க்கலாம். 18 மீட்டரைத் தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. குறுக்கே ஒரு கயிறு, பக்கத்தில் ஒரு மேசை, கையில் பட்டியலோடு ஒருவர், "அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா?" என்ற கேள்வி. இன்னும் பெரியவை என்றால் மேசைகூட இல்லை, ஏறும் பாலத்தையே தூக்கி வைத்துவிடுகிறார்கள்.

காசு கொடுத்து உள்ளே வந்தவரைத் தடுக்க இவர்களுக்கு உரிமை உண்டா? வாங்கும் ஆள் யார், வேடிக்கை பார்க்கிற ஆள் யார் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பாதுகாப்பு, எடை என்று சொல்லும் காரணங்களில் நிஜம் எவ்வளவு, சாக்கு எவ்வளவு? வாங்கும் உத்தேசம் இல்லாதவர் நேர்மையாகவே ஏறிப் பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பான்டூன்

உரிமைக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். டிக்கெட் விற்பவர் கண்காட்சி நடத்துபவர். அது வாசலையும் நடைமேடையையும் தாண்டாது. படகு ஸ்டால்காரருடையது, பல நேரம் அவருடையதுகூட இல்லை. மொனாக்கோ கண்காட்சியில், 1991 முதல் எர்குல் துறைமுகத்தில் நடப்பது, சுமார் 120 சூப்பர்யாட்கள், அதாவது பெரிய சொகுசுப் படகுகள், நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஒருவர் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும் படகுகள். விற்பனைக்கோ வாடகைக்கோ புரோக்கர் மூலம் காட்டுகிறார்கள். உரிமையாளரின் துணிமணி, ஓவியம், குடும்பப் படம் எல்லாம் உள்ளே இருக்கும். அங்கே ஒரு நாள் டிக்கெட்டே சில நூறு யூரோ. அதைக் கொடுத்தாலும் கிடைப்பது கரையிலிருந்து பார்க்கும் உரிமைதான்.

புதிய படகிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். கண்காட்சியில் நிற்கும் புதுப் படகுக்குப் பெரும்பாலும் ஆள் வந்துவிட்டார். "ஷோ முடிந்ததும் ஒப்படைக்கிறோம்" என்று பேசி, அதற்காகக் கொஞ்சம் விலையும் குறைத்திருப்பார்கள். ஒப்படைக்கும்போது டெக்கில் கீறல் இருந்தால் யார் செலவு என்ற சண்டை டீலர் தலையில்தான் விழும்.

இனி கணக்கு. 30 மீட்டர் படகை ஒழுங்காகச் சுற்றிக்காட்ட 40 நிமிடம் வேண்டும். அடுத்த குழு வருவதற்குள் குஷன் சரிசெய்து, கைரேகை துடைக்க 10 நிமிடம். காலை 10 முதல் மாலை 6 வரை 480 நிமிடம், அதாவது ஒன்பது சுற்று. சுற்றுக்கு நான்கு பேர் என்றால் நாளுக்கு 36 பேர், நான்கு நாளில் 144 பேர். இரண்டு குழுவை ஒரே நேரத்தில் அனுப்பலாமே என்றால், கீழ்க் கேபின்களுக்கு இறங்கும் படிக்கட்டில் ஒருவர் வந்தால் இன்னொருவர் நிற்க வேண்டும். இரண்டு குழு அங்கே முட்டிக்கொள்ளும். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் கண்காட்சிக்கு வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வருகிறார்கள். 144 எங்கே, இரண்டு லட்சம் எங்கே. கயிறு கட்டாமல் இருக்க முடியாது.

படகுக்கு ஆகும் சேதம் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் அதை மிகையென்று நினைக்கிறார்கள். ஊசிக் குதிகால் செருப்பின் அடி ஒரு சதுர சென்டிமீட்டர்தான். 60 கிலோ ஆள் நடக்கும்போது ஒரு நொடி அவ்வளவு எடையும் அந்த ஒரு சென்டிமீட்டரில் இறங்கும். தேக்கில் வட்டக் குழி விழுந்துவிடும். குழியை எடுக்க டெக்கை இழைக்க வேண்டும். பலகையின் தடிமன் புதிதில் 10, 12 மில்லிமீட்டர்தான், இழைக்க இழைக்க ஆயுள் குறையும். குதிகாலை விட மோசமானது சாதாரண ஷூ அடியில் ஒட்டியிருக்கும் மணல். வார்னிஷ் போட்ட மாடிப்படியில் ஒரு காலைத் திருப்பினால் போதும், அரை வட்டமாகக் கீறல்.

யாரும் எதிர்பார்க்காதது புது ஜீன்ஸ். வெள்ளைத் தோல் சோஃபாவில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் நீலச் சாயம் ஏறிவிடும், முழுதாகப் போகாது. சன்ஸ்கிரீன் பூசிய கையால் வெள்ளை வினைலைப் பிடித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, நாள் செல்லச் செல்ல மஞ்சள் கறையாக நிற்கும். அழுத்தினால் வெளியே வரும் பொத்தான் கைப்பிடி ஒவ்வொரு அலமாரியிலும் இருக்கும். குழந்தைகள் மட்டுமில்லை, பெரியவர்களும் டொக் டொக்கென்று அமுக்கிக்கொண்டே போவார்கள். நாலு நாளில் பாதி கைப்பிடி உள்ளேயே நின்றுவிடும்.

கழிப்பறைக் கதவில் நாடா ஒட்டியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நடுத்தரப் படகின் கழிவுத் தொட்டி 100 லிட்டர் அளவுதான். கண்காட்சி நடக்கும்போது படகை நகர்த்தி அதை உறிஞ்சி எடுக்க வழியில்லை. வேறு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

---

கீல்

மேலே சொன்னதெல்லாம் சரி. எடை விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன், "சாக்கு" என்று கேட்டிருந்தீர்கள்.

14 மீட்டர் ஃப்ளைபிரிட்ஜ் படகு (கூரைமேல் திறந்த மேல்தளம் உள்ளது), எடை 16 டன் என்று வையுங்கள். மேல்தளத்தில் 12 பேர். தர விதிகளில் ஆளுக்கு 75 கிலோ என்று கணக்கு, ஆக 900 கிலோ. யாரோ ஒருவர் "அங்கே பாருங்கள்" என்றதும் எல்லோரும் ஒரே பக்கம் நகர்கிறார்கள், நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர். சாய்க்கும் திருப்புத்திறன் 1.35 டன்-மீட்டர். ஜி.எம்., அதாவது படகு சாயாமல் நிற்கும் திறனைக் காட்டும் அளவு, 1.2 மீட்டர் என்றால் 16 பெருக்கல் 1.2, அதாவது 19.2. 1.35ஐ அதால் வகுத்தால் 0.07 ரேடியன், ஏறத்தாழ 4 பாகைச் சாய்வு. கவிழாது. ஆனால் சாய்ந்த நொடியில் பதறி எல்லோரும் மறுபக்கம் ஓடுவார்கள், படிக்கட்டில் இருப்பவர் தடுமாறி விழுவார். கண்காட்சிப் படகுகளில் எரிபொருள், தண்ணீர்த் தொட்டிகள் பெரும்பாலும் காலிதான். கீழே எடை குறைவாக இருப்பதால் படகு வழக்கத்தைவிடச் சுலபமாகச் சாயும்.

ஏறும் பாலம் இன்னொரு பலவீனம். பின்புறத்தைக் கரைக்குக் காட்டிக் கட்டிய படகில் உள்ளே போகவும் வெளியே வரவும் அந்த ஒரே பலகைதான். ஹைட்ராலிக் பாலத்தின் நுனி கரையைத் தொடாமல் சில சென்டிமீட்டர் மேலே நிற்க வேண்டும். பின் டெக்கில் பத்துப் பேர் கூடினால் படகின் பின்பக்கம் அமுங்கி நுனி கரையில் உட்கார்ந்துவிடும். அந்நேரம் ஒரு ரப்பர் படகு வேகமாகக் கடந்து அலை வந்தால் உருளையின் சீல் போகும், அல்லது கீல் வளையும். எவ்வளவு தாங்கும் என்று பாலத்திலேயே தகடு அடித்திருப்பார்கள். பல பாலங்களில் அது ஒரே நேரத்தில் ஒருவர், கூடிப்போனால் இருவர்.

---

ரோப்லாக்கர்

இவ்வளவு விளக்கம் எதற்கு? பெரிய யாட்டில் 12 பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. முடிந்தது.

---

கீல்

@ரோப்லாக்கர் அந்த 12 கடலில் போகும்போது உள்ள பயணிகளின் எண்ணிக்கை. 12க்கு மேல் பயணிகளை ஏற்றினால் அது பயணிகள் கப்பல் என்ற வகைக்குப் போய்விடும், விதிகளே வேறு. கட்டி நிற்கும் படகைப் பார்க்க வருபவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அங்கே எண்ணிக்கையை முடிவு செய்பவர் கேப்டன். வெளியேறும் வழி எத்தனை, எந்தத் தளத்தில் எத்தனை பேர் நிற்கலாம், காப்பீட்டுக்காரர் என்ன எழுதியிருக்கிறார், இவற்றை வைத்துத்தான். 24 மீட்டருக்கு உட்பட்ட படகில் சி.இ. தகட்டில் (ஐரோப்பியத் தரச் சான்றுத் தகடு) இருக்கும் "அதிகபட்ச ஆட்கள்" என்ற எண்ணும் அப்படியே, ஓட்டத்துக்கானது. ஸ்டாலில் யாராவது "12 சட்டம்" என்று சொன்னால் அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களை அனுப்பிவைக்கப் பார்க்கிறார்.

---

சுங்கச்சாவடி

அமெரிக்கக் கண்காட்சிகளில் இன்னொரு கயிறு உண்டு, அது வரியால் வருவது. ஃபோர்ட் லாடர்டேல், பாம் பீச் போன்ற இடங்களில் வெளிநாட்டுக் கொடியோடு நிற்கும் சில படகுகளின் விளம்பரத்தில் "அமெரிக்கக் கடல் எல்லைக்குள் இருக்கும்போது அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு விற்பனைக்கு இல்லை" என்று ஒரு வரி இருக்கும். இறக்குமதித் தீர்வை கட்டாத படகு அது. அங்கே வசிப்பவரிடம் விற்பனைக்குக் காட்டினால் தீர்வை கட்ட வேண்டிவரும், படகைப் பிடித்து வைக்கவும் வாய்ப்புண்டு. அதனால்தான் மேசையில் "எந்த நாட்டில் வசிக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். உங்கள் முகத்தையோ உடையையோ பார்த்துக் கேட்பதாக நினைத்துக் கோபப்படுபவர்கள் உண்டு, அதற்கு அவசியமில்லை.

79 அடிக்கு மேற்பட்ட, முன்பே ஒருமுறை விற்கப்பட்ட யாட்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. தீர்வையைப் போல இரண்டு மடங்குக்குப் பத்திரம் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் வரை தீர்வை கட்டாமல் கண்காட்சியில் விற்பனைக்கு நிறுத்தலாம். அந்தப் பத்திரம் இருக்கிற படகில் இந்தக் கேள்வி வராது.

---

அணியம்

நன்றி, குறிப்பாக அந்தத் தேக்கு, ஜீன்ஸ் விவரங்களுக்கு. உரிமை, எடை இரண்டும் புரிந்தது. மீதி இரண்டு கேள்வி நிற்கிறது: யாரை ஏற்றுவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள், வாங்காதவருக்கு வழி என்ன?

---

மேசைக்காரர்

உடை, கைக்கடிகாரம் எல்லாம் இப்போது பெரிய அளவுகோல் இல்லை. நிஜமாக வாங்குபவர் பழைய டி-ஷர்ட்டில் வருவார், வேடிக்கை பார்க்க வருபவர் கோட் போட்டு வருவார் என்பது மேசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் நம்புவது மூன்று நான்கு கேள்விகளைத்தான்:

"இப்போது என்ன படகு வைத்திருக்கிறீர்கள்?"
"எங்கே கட்டி வைப்பீர்கள், அங்கே நீளம் எவ்வளவு வரை அனுமதி, ஆழம் எவ்வளவு?"
"நீங்களே ஓட்டுவீர்களா, க்ரூ (படகுப் பணியாளர்கள்) வைப்பீர்களா?"
"எந்த சீசனுக்கு வேண்டும்?"

வாங்கப்போகிறவர் இவற்றை ஏற்கெனவே யோசித்திருப்பார், பதில் தயங்காமல் வரும். சும்மா சொல்பவர் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். 1.9 மீட்டர் டிராஃப்ட் (தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஆழம்) உள்ள படகைப் பார்க்க வந்துவிட்டு, தன் துறையில் தண்ணீர் எவ்வளவு என்று தெரியாது என்றால் பேச்சு அங்கேயே முடியும். ஆகவே பணக்காரராக நடிக்க வேண்டாம். பலிக்காது, பெயரும் கெடும். பெரிய படகுகளில் புரோக்கர்கள் அடையாளச் சான்று கேட்டு முன்கூட்டியே சரிபார்க்கிறார்கள், பணத்தின் மூலம் எது என்பதையும் பிறகு கேட்பார்கள்.

வாங்காதவர் ஏறுவதற்கு வழி உண்டு. மூன்று நான்கு வாரம் முன்பே டீலருக்கு அஞ்சல் எழுதுங்கள். மாடலின் பெயர், ஸ்டால் எண், எந்த நாள், மாற்று நாள், எத்தனை பேர், எதைப் பார்க்க வேண்டும். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். "படகைப் பார்க்க வேண்டும்" என்றால் யாரும் பதில் போட மாட்டார்கள். "இன்ஜின் ரூமில் ஃபில்டர் மாற்ற எவ்வளவு இடம் இருக்கிறது, நங்கூரச் சங்கிலி அறைக்குள் ஆள் கை எட்டுமா என்று பார்க்க வேண்டும், 20 நிமிடம் போதும்" என்று எழுதினால் படகு தெரிந்த ஆள் என்று புரிந்துகொள்வார்கள். வாங்கும் திட்டம் இப்போது இல்லையென்றால் அதையும் எழுதிவிடுங்கள். சிலர் மறுப்பார்கள், சிலர் கடைசி நாளில் வாருங்கள் என்பார்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வெற்றி. முதல் நாள் பல இடங்களில் விலை கூடிய முன்னோட்ட நாள், அன்று புரோக்கர்கள் தங்கள் ஆட்களைக் கூட்டி வருவார்கள். சனி, ஞாயிறு கூட்டம். வார நாள் காலை முதல் ஒரு மணி நேரம், அல்லது மழை தூறும் மதியம், இந்த இரண்டும் பொன்னான நேரம். கடைசி நாள் மாலை மட்டும் வேண்டாம், அப்போது க்ரூ குஷன்களைக் கட்டி, கிளம்ப ஆயத்தம் செய்துகொண்டிருப்பார்கள்.

கண்காட்சியையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சவுத்தாம்ப்டன், அனாபொலிஸ் மாதிரி இடங்களில் பாய்மரப் படகுகளிலும் தொழிற்சாலையில் வரிசையாகக் கட்டும் படகுகளிலும் சாதாரணமாக ஏறலாம். பிரான்ஸின் கான் நகரில் 2019 முதல் பாய்மரப் படகுகள் கான்டோ துறைமுகத்தில், மோட்டார் படகுகள் பழைய துறைமுகத்தில் என்று பிரித்துவிட்டார்கள். பாய்மரப் பக்கம் கயிறு குறைவு. மொனாக்கோவுக்கு "ஏறிப் பார்க்கலாம்" என்ற எண்ணத்தோடு போவது வீண்.

படகு வடிவமைப்பு படிப்பவர், படகின் நிலையைச் சோதித்துச் சொல்லும் சர்வேயர் என்றால் விற்பனைப் பிரிவிடம் கேட்காதீர்கள். கட்டும் தளத்தின் வடிவமைப்புப் பிரிவிடமோ ஊடகப் பிரிவிடமோ கேளுங்கள். அவர்களுக்கு உங்களிடம் விற்க எதுவும் இல்லை என்பதே உங்களுக்கு அனுகூலம்.

---

பாய்மரம்72

எல்லோரும் ஸ்டால்காரர் பக்கமே பேசுகிறீர்கள். 30 மீட்டருக்கு இந்த வாதம் செல்லும். 15 மீட்டர் படகுக்கும் கயிறு கட்டுகிறார்களே, அதற்கு என்ன சொல்வது?

இதோ அதற்கும் கணக்கு. 14, 15 மீட்டர் படகில் ஒரே நேரத்தில் எட்டுப் பேர், ஆளுக்கு 10 நிமிடம் என்று விட்டால் மணிக்கு 48 பேர். எட்டு மணி நேரத்தில் 384 பேர். இரண்டு பணியாளர் போதும், ஒருவர் பாலத்தருகே, ஒருவர் உள்ளே. வாசலில் எட்டு அட்டைகளைத் தொங்கவிடுங்கள். ஏறுபவர் ஒன்றை எடுத்துக்கொள்கிறார், இறங்கும்போது மாட்டுகிறார். அட்டை இல்லையென்றால் வரிசையில் நிற்க வேண்டும். எண்ணவும் வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். படிக்கட்டில் ஃபெல்ட் விரிப்பு, மேசைமேல் தெளிந்த பிளாஸ்டிக் தாள், சோஃபாவில் துணி உறை. கேபின் ஒன்றைக் கயிறு கட்டி வாசலிலிருந்து பார்க்கச் சொல்லலாம். இவ்வளவுதான் வேலை. இதைச் செய்யாமல் "அப்பாயின்ட்மென்ட்" என்று சொல்வது ஆள் பற்றாக்குறையை அந்தஸ்தாகக் காட்டும் வித்தை.

இன்னொன்று. இன்று 9 மீட்டர் படகு வைத்திருப்பவர்தான் பத்து வருடம் கழித்து 18 மீட்டர் வாங்குகிறார். கயிற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் அந்த ஸ்டாலின் பெயரை மறக்கமாட்டார்.

---

பான்டூன்

@பாய்மரம்72 15 மீட்டர் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். அட்டை முறை நல்ல முறை. ஒரு திருத்தம்: கீழே கேபினுக்கு இறங்கும் வழி ஒன்றே என்றால் எட்டில் நான்கு அட்டையை வேறு நிறத்தில் வையுங்கள், கீழே போக அந்த நிறம் வேண்டும். இல்லையென்றால் எட்டுப் பேரும் கேபினில்தான் நிற்பார்கள், மேலே காலியாக இருக்கும்.

உண்மையில் கண்டிக்க வேண்டியது கயிற்றை அல்ல, கயிறு இருப்பதை டிக்கெட் வாங்கும்போது சொல்லாமல் விடுவதை. எந்தப் படகில் வரிசையில் நின்று ஏறலாம், எதில் முன்பதிவு, எது பார்வைக்கு மட்டும் என்று கண்காட்சியின் வரைபடத்தில் மூன்று நிறத்தில் போட ஒரு நாள் வேலைதான். நடத்துபவர்கள் இதைச் செய்ய மனமில்லாமல் இருக்கக் காரணம், பெரிய படகின் படத்தைப் போட்டுத்தான் டிக்கெட்டையே விற்கிறார்கள்.

---

அணியம்

கடைசியாக ஒன்று. கடலில் ஓட்டிப் பார்க்கக் கேட்கலாமா? காலுக்கு என்ன போட்டுக்கொண்டு போவது? சில இடங்களில் நீல நிறப் பிளாஸ்டிக் உறை கொடுக்கிறார்களாமே.

---

மேசைக்காரர்

ஓட்டிப் பார்ப்பது பழைய படகு என்றால் விலை பேசி, ஒப்பந்தம் எழுதி, வழக்கமாகப் பத்து சதவீத முன்பணம் கட்டிய பிறகுதான். சர்வேயும் அப்போதுதான். ஸ்டாலில் நின்று கேட்டால் புன்னகைப்பார்கள், அவ்வளவே. சிறிய புதுப் படகுகளுக்குச் சில டீலர்கள் கண்காட்சி முடிந்த வாரம் பொதுவாக ஓட்டிக் காட்டும் நாள் வைப்பதுண்டு, அதற்குப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.

---

கீல்

பிளாஸ்டிக் உறை வேண்டாம். வார்னிஷ் படியில் அது சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்கும், கண்காட்சிகளில் விழுபவர்கள் பெரும்பாலும் உறையோடோ மெல்லிய நைலான் சாக்ஸோடோ விழுபவர்கள்தான். அடியில் ரப்பர் புள்ளி வைத்த, துவைத்த பருத்திச் சாக்ஸ் ஒன்றைப் பையில் வையுங்கள். நாடா இல்லாத ஷூ போட்டுக்கொள்ளுங்கள், ஒரு நாளில் முப்பது தடவையாவது கழற்ற வேண்டிவரும். கூடையில் போடும்போது இரண்டையும் ஒரு துணிப்பையில் கட்டிப் போடுங்கள். ஒரே மாதிரி கறுப்பு ஷூ நாற்பது ஜோடி கிடக்கும், மாறிப்போவது அங்கேதான். முதுகுப்பையையும் கீழேயே விட்டுவிடுங்கள், கேபின் கதவு 55, 60 சென்டிமீட்டர்தான், திரும்பும்போது பையின் கொக்கி மரத்தில் உரசும். பெல்ட் பக்கிள் பெரிதாக இருந்தால் சட்டையை வெளியே விட்டு மறைத்துக்கொள்ளுங்கள், இன்ஜின் ரூமுக்குள் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கும்.